அம்பத்தூரில் பார்க்க என்ன இருக்கிறது?

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போனில் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். மகாபலிபுரம், காஞ்சிபுரம், மெரினா எல்லாம் அவர்கள் பட்டியலில் இருக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி இருக்காது. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஒரு காரில் ஒரு குடும்பத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு, காலையிலிருந்து இரவு வரை சென்னையின் இந்த மேற்குப் புறநகரைச் சுற்றிக் காட்டுகிறேன்.

இப்படித் தனி வழிகாட்டியாக இருப்பது வட ஆப்பிரிக்காவில் பெரிய தொழில். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய ஊருக்குள் கார் போகாது. கழுதையும் கோவேறு கழுதையும்தான் சுமை தூக்கும். ஆயிரக்கணக்கான சந்துகளில் எது எங்கே முடியும் என்று வெளியாளுக்குத் தெரியாது. அதனால் அரசு உரிமம் பெற்ற வழிகாட்டியை ஒரு நாளுக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். 859-ல் தொடங்கிய கராவியீன் பள்ளிவாசல், தோல் பதனிடும் தொட்டிகள் என்று அவர் நடத்திக் கூட்டிப்போவார். தொட்டிகளின் நாற்றம் தாங்காதவர்கள் மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாத் தழையும் தருவார்கள்.

நம் புறநகரில் சந்து புரியாமல் யாரும் தொலைந்துபோவதில்லை. ஆனால் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டில் தினமும் பஸ்ஸில் போகிறவருக்கே வலதுபக்கம் என்ன, இடதுபக்கம் என்ன என்று தெரியாது. மகாபலிபுரத்தில் சிற்பத்துக்குப் பக்கத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஆவடியில் எடுத்துச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

காலை 6 மணிக்கே கிளம்பிவிட வேண்டும் என்பது என் முதல் விதி. காரணம் கோயில் நடை. நண்பகல் வாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் பெரும்பாலும் திறப்பார்கள். இந்தக் கணக்குத் தெரியாமல் 11 மணிக்குப் புறப்பட்டால், பாதி நாள் பூட்டிய கதவுகளைப் பார்த்தே போய்விடும்.

முதலில் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில். சுந்தரர் பாடிய தலம். உள்ளே போனதும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். சமீபத்தில் மலேசியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில், ஆறாவது படிக்கும் பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: “தாத்தா, இந்த நந்தி ஏன் சாமியப் பார்க்காம வாசலப் பார்த்து உட்கார்ந்திருக்கு?”

அந்தக் கேள்வி வந்த பிறகுதான் கதை. வேட்டைக்கோ போருக்கோ வந்த தொண்டைமான் மன்னனின் யானைக் கால் முல்லைக் கொடியில் சிக்கியது. அவன் வாளால் கொடியை வெட்ட, உள்ளே புதைந்திருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது. கலங்கிப்போன மன்னனுக்கு இறைவன் காட்சி தந்து, அவனுடைய எதிரிகளான குறும்பர்களோடு நடந்த போரில் துணைக்கு நந்தியை அனுப்பினார். புறப்பட்ட கோலத்திலேயே நந்தி இன்றும் வாசலைப் பார்த்திருக்கிறது என்பது தலபுராணம். லிங்கத்தின் வெட்டுக் காயத்துக்காக ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு. சித்திரை சதயத்தில்தான் அதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள்.

அப்புறம் சன்னிதி முன்னால் இருக்கும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களைக் காட்டினேன். எருக்கு வேலியோரத்துச் செடி. பெரும்பாலும் இடுப்பளவோ ஆள் உயரமோதான் வளரும். அது தூணாகும் அளவுக்குப் பருத்தது எப்படி என்று அந்தப் பையனின் பாட்டி வெகுநேரம் அங்கேயே நின்றார். டூர் பஸ்ஸாக இருந்தால் இதற்குள் ஹாரன் அடித்திருப்பார்கள். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கிற பணம் அந்தப் பாட்டி நின்ற நேரத்துக்குத்தான்.

அங்கிருந்து ஆவடி. 1955 ஜனவரியில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான், தேபர் தலைமையில், சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டார்கள். 1961-ல் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பின்னாளில் அர்ஜுனும் இங்கேதான் உருவானது. உள்ளே போக முடியாது, மதில் பக்கம் போட்டோவும் கூடாது. வண்டியை ஓரம் கட்டிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அம்பத்தூரைக் கடந்து வரும்போதே டி.ஐ. சைக்கிள் கதையைச் சொல்லியிருப்பேன். 1949-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்களைக் கேட்டதும் பெரியவர்கள் எல்லோரும் தங்கள் முதல் சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நடை சாத்துவதற்குள் திருநின்றவூர் போய்விட வேண்டும். என்னைக் கேட்டால் இந்த நாளின் உச்சம் இதுதான். கையில் காசில்லாத பூசலார், மனதுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிச் சிவனுக்குக் கோயில் கட்டினார். அதன் குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னன் கனவில் வந்து, நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்றார். மன்னன் தேடி வந்தபோது இங்கே கோயிலே இல்லை! பிற்காலத்தில் எழுந்த இருதயாலீஸ்வரர் கோயிலில், கருவறைக்குள்ளேயே பூசலாருக்கும் இடம் உண்டு. இதைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழாரும் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்தான்.

மதியம் சாப்பிட்டு, பெரியவர்கள் ஓய்வெடுத்த பிறகு, நெமிலிச்சேரி வெளிவட்டச் சாலையைப் பிடித்துத் திருமழிசை. திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர். அடுத்தது பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில். காஞ்சி வரதருக்கு விசிறி வீசித் தொண்டு செய்த திருக்கச்சி நம்பியின் ஊர் இது. அந்தணர் அல்லாத அவரை ராமானுஜர் குருவாக மதித்தார். தன் மனதில் இருந்த ஐயங்களுக்கு வரதரிடம் பதில் கேட்டு வரச் சொன்னதும் அவரிடம்தான். நேரமிருந்தால் திருவேற்காடு கருமாரியம்மனோடு முடிப்போம்.

எந்த ஊரில் வழிகாட்டியை அமர்த்தினாலும் சிலவற்றை முன்னாடியே பேசிவிடுங்கள். வண்டி வாடகை, டிரைவர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் சொன்ன தொகைக்குள் அடங்குமா? நேரம் கூடினால் எவ்வளவு? எல்லாவற்றையும் வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். உங்களோடு வருகிறவர்களில் படியேற முடியாதவர், சர்க்கரைக்காரர், கைக்குழந்தை யார் யார் என்று சொல்லுங்கள். வழியில் எந்தக் கடைக்கும் போக வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள். ஃபெஸ்ஸில் கம்பளக் கடை, இங்கே பட்டுக் கடை. கமிஷன் எல்லா ஊரிலும் உண்டு. முக்கியமாக, சோதனைக்காக ஒரு கேள்வி கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, புராணத்தைப் புராணம் என்றும் வரலாற்றை வரலாறு என்றும் பிரித்துச் சொல்கிறவரை நம்பலாம்.

இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பிறந்த ஊரைச் சொல்லியே கௌரவமாகப் பிழைக்கலாம். அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு உறவினர் வந்தால், மாலுக்குக் கூட்டிப்போகாமல் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். தெரிந்த பிள்ளை ஒருவரை வழிகாட்டச் சொல்லி, உழைப்புக்குரிய கூலியையும் கொடுங்கள். காலை 6 மணிக்குக் கிளம்ப மட்டும் மறக்காதீர்கள்.