பேணியில் எழுதிய சொல்

லண்டனுக்கு வந்த புதிதில் எம்மவரைத் தடுமாற வைக்கும் ஆங்கிலத் தொடர்களுள் ஒன்று, "தகரப்பேணியில் எழுதியிருப்பதையே அது செய்கிறது" என்பதாகும். ஒரு திரைப்படத்தையோ, வேலைத்தலத்து மேலாளரையோ குறித்து இவ்வாறு கூறும்போது அருகில் பேணி எதுவும் இராது. பெயருக்கு ஏற்றபடியே உள்ளது, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்பதே கருத்து.

இது பழமொழியன்று. மரத்துக்குப் பூசும் சாயம் தயாரிக்கும் ரொன்சீல் நிறுவனத்துக்காக, எச்.எச்.சி.எல். என்னும் லண்டன் விளம்பர நிறுவனம் 1994 இல் ஆக்கிய வாசகம். சாதாரண மனிதர் ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி, மரத்துக்குச் சாயமிட வேண்டும், அது விரைவில் உலரவும் வேண்டும் என்றால் ரொன்சீலின் விரைந்துலரும் சாயத்தைப் பயன்படுத்துங்கள் என்பார். முடிவில் இத்தொடரைச் சொல்வார். எதுகை இல்லை, பாட்டு இல்லை, அழகிய பெண்ணும் இல்லை. ஏனைய விளம்பரங்கள் இளமையையும் இன்பத்தையும் வாக்களிக்க, இது பேணிக்குள் இருப்பதை மட்டுமே வாக்களித்தது. மக்கள் நாவில் அது நிலைத்தமைக்கு அதுவே காரணம் என்பது எமது எண்ணம். 2013 ஜனவரியில் பிரதமர் டேவிட் கமரூன் தமது கூட்டரசாங்கத்தை "ரொன்சீல் உடன்பாடு" என்றே வர்ணித்தார்.

தமிழில் "சொன்னதைச் செய்யும்" எனலாம். ஆனால் நாம் அவ்வாறு கூறுவது பெரும்பாலும் மனிதரைப் பற்றி. ஆங்கிலத்தில் வாக்களிப்பது மேலே ஒட்டிய துண்டு. அத்துண்டை ஐயுறவே எமக்குப் பழக்கம்.

பிரித்தானியாவில், 1974 இன் பேர்மிங்ஹாம் குண்டுவெடிப்புகளை அடுத்து, "தற்காலிக ஏற்பாடுகள்" என்று பெயரிலேயே பொறித்து ஒரு பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டின் சட்டம் அதன் இடத்தைப் பெறும்வரை கால் நூற்றாண்டு அது நீடித்தது. இலங்கையில் 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரிலும் அதே சொற்கள் உள்ளன. மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த அதனை 1982 இல் நிரந்தரமாக்கினர். பெயரை மட்டும் மாற்றவில்லை. அதன் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டோர் இதனை வாசிப்பவரிடையேயும் இருக்கக்கூடும். புகலிடக் கோரிக்கை விசாரணையில் "தற்காலிகம்" என்ற சொல்லைக் கண்டு, அது எப்போதோ முடிந்துபோன சட்டமென ஓர் அதிகாரி எண்ணுவாராயின், 1982 ஐ எடுத்துக்காட்டியபின் இத்தொடரையே எதிர்மறையாக்கிச் சொல்லலாம்: பேணியில் எழுதியிருந்ததை அது செய்யவில்லை. நீண்ட விளக்கத்தைவிட அது அவருக்கு விரைவில் விளங்கும்.