ஊருணியைச் சுற்றி ஒரு பூங்கா

ஊரார் உண்ணும் நீரைத் தரும் குளத்திற்கு 'ஊருணி' என்பது பெயர். உலகம் வாழ விரும்பும் பேரறிவாளரின் செல்வத்தை, நீர் நிறைந்த ஊருணிக்கு ஒப்பிடுகிறார் திருவள்ளுவர். அத்தகைய நீர்நிலை ஒன்று அந்தமானின் தலைநகரிலும் உண்டு.

போர்ட் பிளேயர் என வழங்கிவந்த அந்நகர், 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அங்குள்ள தில்தாமன் குளமே முற்காலத்தில் நகரின் தாகம் தீர்த்தது. இன்று அக்குளத்தைச் சுற்றிக் காந்தி பூங்கா அமைந்துள்ளது. கரையோரம் நடைபாதையும் தோட்டமும் உள்ளன. 1942 முதல் 1945 வரை இத்தீவுகளைக் கைப்பற்றியிருந்த ஜப்பானியரின் கோயிலையும் பதுங்குகுழியையும் அங்கே காணலாம்.

இப்பொழுது நகருக்கு முதன்மையாக நீர் தருவது தனிகாரி அணை. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையில் பெய்யும் மழையைப் போல் இருமடங்கு. ஆயினும், கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்படுகிறது. ஏன்? தீவு குறுகியது, நிலம் சரிவானது. ஆதலால் மழைநீர் விரைந்து கடலில் கலந்துவிடுகிறது. சனவரி முதல் ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. அப்போது தேக்கிவைத்த நீரே துணை.

பூங்காவைக் கண்டபின் நகருக்கு வெளியே முகாமிட விரும்பும் சாரணர் அணியினர் இதனை மறத்தல் ஆகாது. காட்டுப் பகுதியில் தங்குவதற்கு வனத்துறையின் இசைவு பெறவேண்டும். உப்பங்கழிகளில் உவர்நீர் முதலைகள் வாழ்வதால், கரையை விட்டு விலகி மேட்டு நிலத்தில் கூடாரம் அமைக்கவேண்டும். பாத்திரங்களை ஓடையிலோ குளத்திலோ கழுவாமல், வாளியில் நீர் மொண்டு தொலைவில் கழுவவேண்டும். சோற்றுப் பருக்கையும் சோப்பு நுரையும் நீரில் கலந்தால் பாசி படரும், மீன்கள் மடியும். முகாமிட்டோர் மறுநாள் திரும்பிவிடுவர். ஊராரோ அந்நீரையே நாள்தோறும் நம்பி வாழ்கின்றனர்.

அருஞ்சொற்பொருள்
இசைவு – அனுமதி
உப்பங்கழி – கடல்நீர் புகும் நீர்ப்பரப்பு
மொண்டு – முகந்து

விடை எழுதுக
1. ஊருணி என்பதன் பொருள் யாது?
2. மழை மிகுந்த அந்தமானில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்படுவது ஏன்?
3. உம் சொந்த ஊரில் உள்ள குளம் ஒன்றின் பெயரைப் பெற்றோரிடம் கேட்டு, அதனைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.