பால் கணக்கும் மனக்கணக்கும்

தினமும் கால் மணி நேரம் எழுதினால் மனபாரம் குறையுமா? குறையும் என்கின்றன ஆய்வுகள். ஆனால் எதை, எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒவ்வொரு ஜனவரியிலும் இந்திய வீடுகளுக்குள் புது டைரிகள் வந்து சேர்கின்றன. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது, வங்கியில் கொடுத்தது, மருந்துக் கம்பெனி கொடுத்தது என்று. முதல் வாரம் தவறாமல் எழுதுவார்கள். பொங்கலுக்குள் உற்சாகம் வடிந்துவிடும். பிப்ரவரியில் அதே பக்கங்களில் பால் கணக்கும் சலவைக் கணக்கும் ஏறிவிடும். ஆனால் அந்த வெற்றுப் பக்கங்களுக்கு இன்னொரு உபயோகம் உண்டு என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள் உளவியலாளர்கள்.

இதைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர். டெக்சஸ் மாநிலத்தின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் 46 மாணவர்களை வைத்து அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் நடத்திய சோதனை 1986இல் வெளியானது. தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். சிலருக்குச் சாதாரண விஷயங்கள். மற்றவர்களுக்குத் தங்கள் வாழ்வின் மிகத் துயரமான அனுபவம். நடந்ததையும் அப்போது பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்ததும் மனம் கனத்தது, ரத்த அழுத்தம்கூட ஏறியது. ஆனால் அடுத்த 6 மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அவர்கள் போனது மற்றவர்களைவிடக் குறைவு.

பிறகு நோயாளிகளிடமும் சோதனை நடந்தது. ஆஸ்துமா அல்லது முடக்குவாதம் உள்ள 112 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1999இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையோடு 3 நாட்கள், தினம் 20 நிமிடம் எழுதினார்கள். 4 மாதம் கழித்துப் பார்த்தபோது, துயரங்களை எழுதியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோயின் கடுமை குறிப்பிடத்தக்க அளவு தணிந்திருந்தது. சாதாரண விஷயங்களை எழுதியவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் அப்படி.

ஏன் இப்படி? மனதுக்குள் சுழலும் கவலைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. காகிதத்தில் எழுத வேண்டுமானால் எது முதலில் நடந்தது, எது பிறகு, எதனால் என்று ஒரு வரிசைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். எழுதியவர்களின் சொற்களை பென்னபேக்கர் குழு கம்ப்யூட்டர் மூலம் எண்ணிப் பார்த்தது. நாளாக ஆக, 'அதனால்தான்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடினவோ அவர்களே அதிகப் பலன் அடைந்தார்கள்.

புலம்பல் வேறு

எல்லோருக்கும் இது பொருந்தாது. 146 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான அலசல், பலன் உண்மைதான், ஆனால் சிறியது என்றது. துணையைப் பிரிந்த 90 பேரை வைத்து நடந்து 2013இல் வெளியான ஆய்வு எச்சரிக்கையே விடுத்தது. நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக் குமைபவர்கள் தங்கள் வேதனையை எழுதியபோது, சில மாதங்கள் கழித்தும் அதிகமாகவே தவித்தார்கள். அன்றாடம் என்ன செய்தோம் என்று உணர்ச்சி கலக்காமல் எழுதிய அதே ரகத்தினர் தேறிவிட்டார்கள். அதாவது சிலருக்குப் பால் கணக்கு எழுதுவதே மேல்!

இந்தியாவில் இன்னொரு சிக்கல். இங்கே டைரி பெரும்பாலும் பிறர் பார்வைக்கு உரியது. 1930இல் தண்டி யாத்திரை போன தொண்டர்களுக்குப் பிரார்த்தனையும் நூற்பும் போலவே டைரி எழுதுவதும் தினசரிக் கடமை. ஆசிரமவாசிகளின் டைரிகளைக் காந்தியே வாங்கிப் படிப்பதுண்டு. அது ஒழுக்கத்துக்கான டைரி. மனபாரம் இறக்குவதற்கான டைரிக்கு அடிப்படைத் தேவையே வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நிச்சயம். இரண்டு அறை வீட்டில் மாமியார், நாத்தனார், பிள்ளைகளோடு வாழும் பெண்ணுக்கு அந்த நிச்சயம் சுலபத்தில் கிடைக்காது. மகளின் டைரியைப் புரட்டுவது தங்கள் உரிமை என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது: எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டுவிடலாம். வேலை செய்வது எழுதும் செயல். காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டியதில்லை.

மற்ற விதிகளும் எளிமையானவை. இலக்கணம், எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம். நடந்ததோடு நிறுத்தாமல் அது மனதை என்ன செய்தது, ஏன் என்றும் எழுத வேண்டும். எழுத எழுதத் தாங்க முடியாமல் போனால், நிறுத்திவிட வேண்டும் என்கிறார் பென்னபேக்கர். தூக்கம் வராதவர்களுக்கு வேறொரு முறை. 57 இளைஞர்களை வைத்து அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்.

செலவில்லாத இந்த வழி இந்தியாவுக்கு ஏன் முக்கியம்? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை. பெரும்பாலானவர்கள் சிகிச்சைக்கே போவதில்லை. வெளியே தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்ற பயம் ஒரு காரணம். போய் என்ன சொல்வது என்று தெரியாதது இன்னொன்று. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டவர்கள், உயிரை விட்டுவிடலாமா என்று நினைப்பவர்கள் டைரியைத் தேடக் கூடாது, இந்த உதவியைத்தான் தேட வேண்டும்.

டைரி டாக்டருக்கு மாற்றாகாது. ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, 'என்னவோ மாதிரி இருக்கிறது' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாமல் விழிப்பவருக்கு, அடுத்த வாக்கியத்தை அது தேடித்தரும்.