கம்ப்யூட்டர் "இல்லை" என்று சொன்னால்...

ரேஷன் கடைக்குப் போகிறோம். கருவியில் விரலை வைக்கிறோம். "கைரேகை விழவில்லை" என்கிறார்கள்.

வங்கிக்குப் போகிறோம். "சர்வர் வேலை செய்யவில்லை. நாளைக்கு வாங்க" என்கிறார்கள்.

உதவித்தொகைக்கு மனு கொடுக்கிறோம். "ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பாஸ் புத்தகத்தில் வேறு மாதிரி. கம்ப்யூட்டர் ஏற்கவில்லை" என்கிறார்கள்.

மூன்று இடத்திலும் நம்மிடம் பேசுபவர் மனிதர்தான். ஆனால் பழி கம்ப்யூட்டர் மேல் விழுகிறது. கம்ப்யூட்டரோடு யார் வாதாட முடியும்? அதனால் பலர் பேசாமல் திரும்பி விடுகிறார்கள். ஒரு நாள் கூலி போகிறது. சில நேரம் அரிசியும் போகிறது.

கம்ப்யூட்டர் ஏன் இப்படிச் செய்கிறது? அதன் குணத்தைத் தெரிந்து கொண்டால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு எழுத்து மாறினால் வேறு ஆள்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் பெரிய 'ஏ' எழுத்துக்கு 65. அதே எழுத்தைச் சிறியதாக எழுதினால் 97. நமக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு எண்.

சாந்தி என்ற பெயரைப் பாருங்கள். தமிழில் எழுத ஒரே வழிதான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் முதலில் 'எஸ்' மட்டும் போடுவார். இன்னொருவர் 'எஸ், எச்' போடுவார். 'தி' என்பதற்கு ஒருவர் 'டி, ஐ' என்று எழுதுவார். இன்னொருவர் 'டி, எச், ஐ' என்று எழுதுவார். ஆக, ஒரு சாந்தியை நான்கு விதமாக எழுதலாம். படிக்கும் மனிதருக்கு எல்லாம் சாந்திதான். கம்ப்யூட்டருக்கு நான்கு பெண்கள்.

தலைப்பெழுத்திலும் இதே தொல்லை உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைத்தான் போடுகிறோம். இந்தியாவின் பல மாநிலங்களில் குடும்பப் பெயர் உண்டு. பல படிவங்களிலும் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் தலைப்பெழுத்தை முன்னால் போடுவார்கள். இன்னொரு இடத்தில் பின்னால் போடுவார்கள். மூன்றாவது இடத்தில் தகப்பனார் பெயரை முழுதாக எழுதிவிடுவார்கள்.

சிறிய வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும்படியும் கம்ப்யூட்டரைப் பழக்கலாம். பழக்காவிட்டால் அது ஏற்காது. அதற்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. சொன்னதைச் செய்யும்.

என்ன செய்யலாம்? ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தவறு இருந்தால் ஆதார் மையத்தில் திருத்துங்கள். பிறகு ரேஷன் அட்டை, பாஸ் புத்தகம் எல்லாவற்றிலும் அதே போல் இருக்கச் செய்யுங்கள். புதிதாகப் பதிவு செய்யும்போது, பொத்தானை அழுத்தும் முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் பெயர். பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சர்வர் என்பது என்ன?

வங்கி ஊழியரின் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில் நம் கணக்கு இல்லை. அது எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்குத்தான் சர்வர் என்று பெயர். மேசையில் இருப்பது, அங்கே கேட்டுச் சொல்லும் தூதன்.

திருவிழாக் கூட்டம் ஒரே வாசலில் நுழைந்தால் நெருக்கடி வரும். அதுபோல ஆயிரக்கணக்கான தூதர்கள் ஒரே நேரத்தில் கேட்டால் சர்வர் திணறும். வழியில் இணைப்பு அறுந்தாலும் பதில் வராது.

அப்போது பலரும் ஒரு காரியம் செய்கிறார்கள். பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள். இதனால் வேகம் கூடாது. ஒவ்வொரு தட்டும் புதிய கேள்வியாகப் போய் வரிசையை நீட்டும். பணம் கட்டும்போது இரண்டு முறை தட்டினால், இரண்டு முறை பணம் போகவும் கூடும். செல்போனில் பணம் அனுப்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் கணக்கைப் பார்த்துவிட்டு, பிறகு மறுபடி அனுப்புங்கள்.

ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் குறைந்துவிட்டது. அப்போது பதற வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019இல் ஒரு விதி செய்தது. அந்தப் பணத்தை வங்கி 5 நாளுக்குள் கணக்கில் திரும்பப் போட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். எந்த ஏ.டி.எம்., எந்த நாள், எத்தனை மணி என்று குறித்து வையுங்கள். சீட்டு வந்தால் பத்திரப்படுத்துங்கள்.

உழைத்த கையும் கருவியும்

விரல் நுனியில் மெல்லிய வரிகள் உண்டு. கருவி அந்த வரிகளைத்தான் படிக்கிறது. சிமெண்டும் சுண்ணாம்பும் தொட்ட கையில் வரிகள் தேயும். பாத்திரம் தேய்க்கும் கையிலும், கல் உடைக்கும் கையிலும் தேயும். வயதானாலும் தேயும். ஆகவே அதிகம் உழைத்த கையைத்தான் கருவி அடையாளம் தெரியாமல் தவிக்கிறது. இது அந்தக் கையின் குற்றம் அல்ல.

கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். வேறு விரலை வையுங்கள். கண்ணைப் படம் பிடிக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆதாரோடு செல்போன் எண்ணை இணைத்திருந்தால், அதற்கு வரும் ரகசிய எண்ணைக் கொண்டும் சில இடங்களில் சரிபார்க்கலாம்.

எதுவும் நடக்கவில்லையா? அப்போதும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. மத்திய அரசின் உணவுத் துறை 2017 அக்டோபரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. கைரேகை பொருந்தவில்லை, இணைப்பு இல்லை என்ற காரணத்துக்காக ரேஷனை மறுக்கக் கூடாது. அட்டையைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருளைத் தர வேண்டும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கைரேகை பொருந்தாததால் உரியவருக்கு உதவி மறுக்கப்படாது என்று அரசு கொடுத்த உறுதி அந்தத் தீர்ப்பில் பதிவாகி உள்ளது.

"தனிப் பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியம் அரிசியைப் பெற்றுத் தரலாம்.

ரகசிய எண்

ஏ.டி.எம். அட்டையின் உறையிலேயே ரகசிய எண்ணை எழுதி வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டது போலத்தான் இது. அட்டை தொலைந்தால் பணமும் தொலையும். செல்போனில் வரும் ரகசிய எண்ணை, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். நேரம் கடந்தால் பணத்தைப் பிடிப்பது கடினம். ஆதார் பற்றிய சந்தேகத்துக்கு 1947 என்ற எண்.

கம்ப்யூட்டர் ஒரு கருவி. கலப்பை போல, தராசு போல அதுவும் மனிதன் செய்ததுதான். தராசு தவறாகக் காட்டினால் "இன்னொரு முறை நிறுத்துப் போடுங்க" என்கிறோம். கம்ப்யூட்டர் "இல்லை" என்றாலும் அப்படியே கேட்போம். "ஏன் இல்லை? எங்கே திருத்த வேண்டும்? எழுதிக் கொடுங்கள்."

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் பெயர் ஆதாரிலும் பாஸ் புத்தகத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா?
2. உங்கள் ஊரில் கைரேகை விழாமல் ரேஷன் கிடைக்காதவர் உண்டா? அவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?
3. பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டினால் என்ன ஆகும்?