உங்களுக்குத் தெரியுமா? கோவையில் கிளம்பும் டேட்டா எந்த வழியாகப் போகிறது!

● ஃபைபர் கேபிளுக்குள் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கி.மீ. ஓடும். கோவை பீளமேட்டிலிருந்து 500 கி.மீ. தள்ளியுள்ள சென்னை சர்வருக்குப் போய்த் திரும்ப, கணக்குப்படி 5 மில்லி விநாடி போதும். கேபிள் வளைந்து போவதால் 10, 15 ஆகலாம். எப்போது பார்த்தாலும் 40ஐத் தாண்டினால் விசாரித்தே ஆக வேண்டும்; டேட்டா கடல் தாண்டிச் சுற்றி வரலாம். சென்னை–சிங்கப்பூர் 'ஐ2ஐ' கடல் கேபிளின் நீளம் 3,200 கி.மீ.; அதில் போய்வரவே 32 மில்லி விநாடி பிடிக்கும். உள்ளூர் டேட்டா கடல் தாண்டிச் சுற்றக் கூடாது என்றுதான் 2003இல் 'நிக்சி' இணைப்பகம் தொடங்கப்பட்டது.

● வழியைக் கண்டுபிடிக்க உங்கள் கம்ப்யூட்டரே போதும். விண்டோஸில் 'டிரேசர்ட்' என்ற கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு டேட்டா பொட்டலமும் ஓர் எண்ணைச் சுமந்து போகும். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொட்டலத்தை அங்கேயே கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். முதலில் 1, அடுத்து 2, பிறகு 3 என்று அனுப்பினால், ரவுட்டர்கள் வரிசையாகத் தங்கள் முகவரியைச் சொல்லிவிடும். பல ரவுட்டர்களின் பெயரில் விமான நிலையக் குறியீடு ஒட்டியிருக்கும்: 'எம்ஏஏ' என்றால் சென்னை, 'பிஓஎம்' என்றால் மும்பை. நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

● 'இந்த முகவரிக்கு என் வழியாக வாருங்கள்' என்று ஓர் இணையச் சேவை நிறுவனம் அறிவித்தால், பக்கத்து நிறுவனங்கள் பெரும்பாலும் அப்படியே நம்பிவந்தன. 2008 பிப்ரவரி 24இல் பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போட்ட அறிவிப்பு வெளியே கசிந்து, உலகெங்கும் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் முடங்கியது. 2021 ஏப்ரல் 16இல் நம் நாட்டு வோடஃபோன் ஐடியா நெட்வொர்க்கிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட தவறான அறிவிப்புகள் போயின. எந்த முகவரி யாருடையது என்பதற்கான டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்றால் இதைப் பெருமளவு தடுக்க முடியும். எல்லா நிறுவனங்களும் அதைக் கட்டாயமாகச் சரிபார்க்க வேண்டும்.

● நிறுவனங்கள் வெளியிடும் இந்த வழி அறிவிப்புகளை அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகமும், ஆம்ஸ்டர்டாமிலுள்ள 'ரைப்' அமைப்பும் 1990களிலிருந்தே சேகரிக்கின்றன. யாரும் இலவசமாக எடுத்து ஆராயலாம். கொங்குப் பகுதிப் பொறியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது.

● 'ரைப் அட்லஸ்' என்ற சிறு கருவியை வீட்டு ரவுட்டரில் செருகி வைத்தால், அது இரவு பகலாக வழிகளை அளக்கும். அதற்கு ஈடாகக் கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு, வெளிநாட்டுக் கருவிகளிலிருந்து கோவைக்கு வரும் வழியையும் அளக்கலாம். டிரேசர்ட் போகும் வழியை மட்டுமே காட்டும். டேட்டா திரும்பி வரும் வழி பல சமயம் முற்றிலும் வேறு.