சுவரின் பலம் மண்ணுக்குள்ளே!

2019-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி. மேட்டுப்பாளையம் அருகே நடூர் கிராமம். விடிவதற்கு முன் அடைமழை.

திடீரென்று ஒரு பெரிய மதில் சுவர் சாய்ந்தது. பக்கத்து வீடுகள் நொறுங்கின. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள்.

மழைக் காலத்தில் சுவர் எமனாக மாறலாம். ஆகவே, சுவர் கட்டுவோர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தண்டலத்தில்...

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் உள்ளது தண்டலம். அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு இந்த வட்டாரமே தொழிற்சாலை மயம்! வீட்டு மனைகளும் பெருகின.

தாழ்ந்த மனையில் மண் கொட்டி மேடாக்குகிறார்கள். அந்த மண் சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் வேண்டும். அதில் ஒரு வகைதான் "பிளாக்" சுவர்.

இதற்குச் சிமெண்டுக் கலவை பூசுவது இல்லை. கான்கிரீட் கட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக, மண் பக்கம் சற்றே சாய்த்து அடுக்குவார்கள். கட்டிகளின் எடையே மண்ணைத் தாங்குகிறது.

அப்படியானால் அடித்தளம் எப்படி இருக்க வேண்டும்?

செய்யும் முறை

3 அடி உயரச் சுவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் நூல் கட்டி, 2 அடி அகலம், 1 அடி ஆழம் பள்ளம் தோண்ட வேண்டும். வேர், குப்பை, பொலபொலப்பான மண் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். பிறகு அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்க வேண்டும்.

களிமண்ணா? உஷார்! அது மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். இளகிய களிமண்ணை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

அடுத்து, ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து 6 அங்குலம் பரப்ப வேண்டும். அதையும் திமிசு போட்டு இறுக்கி, ரசமட்டம் பார்க்க வேண்டும்.

முதல் வரிசைக் கட்டி முழுவதும் தரைக்குள் புதைய வேண்டும். அது கோணினால் மேலே போகப் போகச் சுவரே கோணிவிடும்!

தண்ணீர்தான் எதிரி

மழை நீர் தேங்கினால் மண்ணின் பாரம் கூடும். ஆகவே, சுவருக்குப் பின்னால் 1 அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். அடியில் துளையிட்ட குழாய் பதித்து, தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

சுவர் 3 அடிக்கு மேல் உயர்ந்தால் என்ஜினீயரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

மூடிவிட்டால் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது. எனவே, மூடுவதற்கு முன்பே கொத்தனார் பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் குழந்தைகள் விளையாடப் போவது அந்தச் சுவர் ஓரத்தில்தான்!