இரண்டு இஞ்ச் தண்ணீர்

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் புதிதாக போர் போட்டிருக்கிறார். ரிக் வண்டிக்காரர், "ரெண்டு இஞ்ச் தண்ணி இருக்குதுங்க, தாராளமா ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மோட்டார் வாங்கப் போன கடையில், "எத்தனை எல்.பி.எம். வேணும்?" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய பம்பின் தகட்டில் ஜி.பி.ஹெச். என்று அடித்திருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் போட வந்தவரோ மணிக்கு எத்தனை லிட்டர் என்கிறார். "ஐயா, நாலு பேரும் ஒரே தண்ணியைத்தான் சொல்றாங்களா? ரெண்டு இஞ்ச்னா எத்தனை லிட்டர்?" என்பது அவருடைய கேள்வி.

எல்.பி.எம். என்பது நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், ஜி.பி.ஹெச். என்பது மணிக்கு இத்தனை கேலன். கேலன் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நம் ஊர்ப் பழைய தகடுகளில் இருப்பது பிரிட்டிஷ் கேலன், 4.546 லிட்டர். ஜி.பி.ஹெச். எண்ணை 13.2 ஆல் வகுத்தால் எல்.பி.எம். கிடைத்துவிடும். ஆயிரம் ஜி.பி.ஹெச். பம்ப் நிமிடத்துக்கு ஏறக்குறைய 76 லிட்டர் தள்ளும். ஒரே ஒரு கண்ணி உண்டு. அமெரிக்க கேலன் சிறியது, 3.785 லிட்டர்தான். அதே ஆயிரம் அமெரிக்கத் தகட்டில் இருந்தால் 63 லிட்டர். வெளிநாட்டிலிருந்து வரும் சின்னச் சின்ன பம்புகள் பலவற்றில் எந்த கேலன் என்று எழுதியிருக்காது. வாங்குகிற தண்ணீரில் ஆறில் ஒரு பங்கு அந்தச் சந்தேகத்திலேயே போய்விடும்.

இஞ்ச் கதை வேறு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். இஞ்ச் என்பது நீளம். நீளத்தைக் கொண்டுபோய் ஓடுகிற தண்ணீருக்கு எப்படி அளவாக வைத்தார்கள்?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் எந்த மூலைக்குப் போய்த் துளை போட்டாலும் கடைசியில் நடப்பது இதுதான். துளை முடிந்ததும் கம்ப்ரசரை ஓடவிட்டுக் காற்றாலேயே அடியில் இருக்கும் நீரை மேலே தள்ளுவார்கள். கல்பொடியும் சேறுமாகப் பீறிட்டு வருகிற தண்ணீருக்கு மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் கீறி, ஒரு பக்கமாக ஓடவிடுவார்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தகரத் தகட்டைச் சொருகுவார்கள். தகட்டின் மேல் விளிம்பில் ஆங்கில 'வி' எழுத்துப் போலச் செங்கோணத்தில் ஒரு வெட்டு இருக்கும். தடுக்கப்பட்ட தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் ஏறி அந்த வெட்டின் வழியாக வழியும். வெட்டின் கூர்முனைக்கு மேல் நீர்மட்டம் எத்தனை இஞ்ச் நிற்கிறதோ, அத்தனை இஞ்ச் தண்ணீர். இதற்கு வி-நாட்ச் என்று பெயர்.

இதை முறையாக ஆராய்ந்து பொறியாளர்களிடம் கொண்டுசேர்த்தவர் பெல்ஃபாஸ்டில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் தாம்சன். 1850களின் கதை. வெப்பநிலை அலகுக்குப் பெயர் தந்த கெல்வின் பிரபுவுக்கு அண்ணன். தம்பியின் புகழில் அண்ணன் மறைந்துபோனது உலக வழக்கம். அதுவரை சதுர வெட்டுதான் வழக்கத்தில் இருந்தது. சதுர வெட்டில் தண்ணீர் குறைந்தால் மெல்லிய ஏடாகப் படர்ந்துவிடும், மட்டத்தை எடுப்பது கஷ்டம். முக்கோண வெட்டில் தண்ணீர் குறையக் குறைய வழியும் குறுகிக்கொண்டே போகும். கொஞ்சம் தண்ணீராக இருந்தாலும் எடுத்துச் சொல்கிற உயரத்துக்கு நிற்கும். நிறைய ஓடினாலும் கொஞ்சம் ஓடினாலும் வழிகிற நீரின் வடிவம் ஒன்றே, அளவுதான் வேறு. ஆகவே ஒரே சூத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பது தாம்சன் கண்ட அழகு.

அந்தச் சூத்திரத்தின்படி ஒரு இஞ்ச் தண்ணீர் என்றால் நிமிடத்துக்கு எட்டரை லிட்டர், மணிக்கு சுமார் 510 லிட்டர். அப்படியானால் இரண்டு இஞ்ச்? 1,020 என்று சொல்லத்தான் வாய் வரும். உண்மையில் சுமார் 2,890 லிட்டர்! மூன்று இஞ்சுக்குக் கிட்டத்தட்ட 8,000. ஒன்றரை இஞ்ச் என்றால் 1,400 லிட்டர்தான், இரண்டு இஞ்சில் பாதிக்கும் குறைவு. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மூன்று இஞ்ச், நமக்கு ஒன்றரை இஞ்ச் என்றால் அவருக்கு நம்மைப்போல இரண்டு பங்கு இல்லை, ஐந்தரைப் பங்குக்கும் மேல். பாகப்பிரிவினையில் கிணற்றுத் தண்ணீரை இஞ்ச் கணக்கில் பிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காரணம் எளிது. எங்கள் வீட்டில் பெரிய தோசைக்கல் வாங்கிய புதிதில் மாவு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. தோசையின் குறுக்களவு இரட்டித்தால் மாவு நான்கு மடங்கு கேட்கும். வெட்டிலும் அப்படித்தான். நீர் இரண்டு மடங்கு உயர்ந்தால் அகலமும் இரண்டு மடங்காகும், வழிகிற பரப்பு நான்கு மடங்காகும். அதற்கு மேல் ஒரு சங்கதி, ஆழம் கூடினால் அடியில் ஓடும் நீரின் வேகமும் கூடும். ஆழம் இரட்டித்தால் வேகம் 1.41 மடங்கு. நான்கை 1.41 ஆல் பெருக்கினால் 5.66. இரண்டு இஞ்ச் என்பது ஐந்தேமுக்கால் ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு.

இப்படி மேலே போகப் போக எகிறுகிற அளவில் கால் இஞ்ச் தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டேகால் இஞ்ச் என்றால் சுமார் 3,880 லிட்டர். கால் இஞ்சுக்கு மணிக்கு ஆயிரம் லிட்டர் வித்தியாசம்! ஆனால் தோட்டத்தில் யாரும் கால் இஞ்சைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அளவுகோலைத் தகட்டை ஒட்டி வைக்கக்கூடாது, வழிகிற இடத்தில் நீர் கீழ்நோக்கி வளைந்திருக்கும், மட்டம் குறைவாகக் காட்டும். நிற்கிற உயரத்தைப்போல நான்கு மடங்கு தூரமாவது பின்னால் தள்ளி, நீர் அலையில்லாமல் இருக்கிற இடத்தில் பார்க்க வேண்டும். தகட்டின் ஓரங்களில் தண்ணீர் கசியாமல் களிமண் அப்ப வேண்டும். வழிந்த நீர் தகட்டை விட்டு விலகித் தனியாக விழ வேண்டும். ஒரு இஞ்சும் அதற்குக் கீழும் என்றால் நீர் தகட்டோடு ஒட்டிக்கொண்டே இறங்கும், அப்போது சூத்திரமும் சரியாக வராது. நான் பார்த்தவரை, கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவில் இத்தனையும் செய்கிறவர்கள் குறைவு. பழகிய கண் ஒரு பார்வை பார்த்துவிட்டு "ரெண்டு இஞ்ச்" என்று சொல்லிவிடுகிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் குழாயில் வருகிறது. டெலிவரிக் குழாயையும் இஞ்சில்தான் சொல்கிறோம். "ரெண்டு இஞ்ச் தண்ணி இருக்கு, ரெண்டு இஞ்ச் பைப் போட்டு நிறைய எடுக்கலாம்" என்று முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு. இரண்டு இஞ்ச் குழாய் நிறைய, நாம் நடக்கிற வேகத்தில் தண்ணீர் போனால் மணிக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் வரும். வி-நாட்ச் சொன்ன இரண்டு இஞ்சோ மூவாயிரம்கூட இல்லை. இரண்டுக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு உறவு கிடையாது. குழாயின் வாயைப் பார்த்துத் தண்ணீரைக் கணக்கிடுகிற இந்தப் பழக்கம் ரோமாபுரிக் காலத்தது. கி.பி. 97-இல் ரோம் நகரத் தண்ணீருக்குப் பொறுப்பேற்ற ஃபிரான்டைனஸ் குழாய் வாயின் அளவை வைத்தே பங்கு போட்டுக் கணக்கு எழுதினார். வேகத்தை அளக்க அவரிடம் வழி இல்லை. வந்த கணக்கும் கொடுத்த கணக்கும் ஒத்துவரவில்லை, நிறையத் தண்ணீர் திருட்டுப் போகிறது என்று சொன்னார். திருட்டும் இருந்திருக்கும்தான்.

வாசகருக்கு இனி பதில் சொல்லிவிடலாம். ரிக்காரர் சொன்னது சரியான இரண்டு இஞ்ச் என்றால் நிமிடத்துக்கு 48 லிட்டர், பழைய தகட்டுக் கணக்கில் சுமார் 640 ஜி.பி.ஹெச். மணிக்கு நான்கு லிட்டர் விடுகிற டிரிப்பர் எழுநூறு வைக்கலாம். ஆனால் மோட்டாரை இந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். கம்ப்ரசர் காட்டியது அந்த ஒரு மணி நேரத்துக் கதை. நம் பக்கத்துப் பாறையில் தண்ணீர் இருப்பது வெடிப்புகளுக்குள். வெடிப்பில் தேங்கியிருந்தது முதல் நாள் ஆர்ப்பாட்டமாக வரும். ஊறி வருவது எவ்வளவு என்பது பிறகுதான் தெரியும். வாடகைக்காவது ஒரு மோட்டாரை இறக்கி, சில மணி நேரம் ஓடவிட்டு, நீர்மட்டம் எங்கே நிலைக்கிறது என்று பார்க்க வேண்டும். அளப்பதற்கு வி-நாட்ச் கூட வேண்டாம், 200 லிட்டர் பேரல் ஒன்றும் கையில் இருக்கும் போனும் போதும். பேரல் நிறைய நான்கு நிமிடம் பத்து விநாடி ஆனால் உங்கள் இரண்டு இஞ்ச் மெய்தான். எட்டரை நிமிடம் ஆனால் அது ஒன்றரை இஞ்ச்.

இதைச் செய்யாமல் பெரிய மோட்டாரை இறக்கினால் அரை மணியில் காற்று வாங்கும். சுருள் கருகும். போர் சரியில்லை என்று பக்கத்திலேயே ஆயிரம் அடிக்கு இன்னொன்று போடுவார்கள். விவசாய மின்சாரத்துக்குப் பணம் இல்லை என்பதால் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு வந்தது என்று யாரும் குறித்து வைப்பதில்லை. ரிக் வண்டிக்காரர் தருகிற பில்லை எடுத்துப் பாருங்கள். எத்தனை அடி துளை, எத்தனை அடி கேசிங் என்று சுத்தமாக இருக்கும். எதற்காக லட்சக்கணக்கில் செலவு செய்தோமோ அந்தத் தண்ணீர் எத்தனை லிட்டர் என்பதற்கு அதில் ஒரு வரி இருக்காது. வாங்குகிறவர்கள் கேட்டிருந்தால் இந்நேரம் இருந்திருக்கும்.

இஞ்சை இவ்வளவு பழித்துவிட்டு அடிக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசாமல் இருக்க முடியவில்லை. மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த எடை, அளவைச் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் மேட்டூரில் இன்றைக்கும் விநாடிக்கு இத்தனை கன அடி என்றுதான் திறக்கிறார்கள், நீர்மட்டம் 120 அடி என்றுதான் நிறைகிறது. பழமைப் பற்று மட்டும் இதற்குக் காரணம் இல்லை. விநாடிக்கு ஒரு கன அடி, அதாவது ஒரு கியூசெக், ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 கன அடி. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வகுத்துப் பாருங்கள், அந்தத் தண்ணீர் ஒரு ஏக்கரில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் நிற்கும். நூற்றுக்கு ஒன்றுகூடக் குறையாது. ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு ஏக்கரில் இரண்டு அடி. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல, தானாக விழுந்த பொருத்தம். கால்வாய்க் கரையில் நிற்கிறவர் காகிதம் இல்லாமல் கணக்குப் போட்டுவிடுவார். லிட்டரும் ஹெக்டேரும் இவ்வளவு ஒத்துப்போவதில்லை, விநாடிக்கு ஒரு லிட்டர் ஒரு மணி நேரம் ஒரு ஹெக்டேரில் பாய்ந்தால் 0.36 மில்லிமீட்டர் நிற்கும். நிலம் ஏக்கரில் இருக்கிற வரைக்கும் தண்ணீர் கன அடியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாற்றுவதற்கு வேண்டியது ஒரே எண். ஒரு கன அடி 28.32 லிட்டர். அதையே திருப்பிப் போட்டால் ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி. எல்லை தாண்டும்போது இது உதவும். 2018 ஆகஸ்டில் இடுக்கியின் ஐந்து ஷட்டர்களையும் திறந்தபோது அணையின் மட்டத்தை அடியில் சொன்னார்கள், வெளியேறும் நீரை விநாடிக்கு 750 கன மீட்டர் என்றார்கள். மேட்டூரின் ஆயிரக்கணக்கிலேயே பழகிய நமக்கு 750 என்பது அற்பமாகப் படும். பெருக்கினால் 26,500 கன அடி.

அலகை மாற்றுவதில் வராத தவறு நேரத்தில் வருகிறது. கியூசெக்கிலேயே 'விநாடிக்கு' இருக்கிறது. அது வேகம். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அது இருப்பு. ஒன்றை மற்றொன்றாக்க எத்தனை நாள் ஓடியது என்று தெரிந்தாக வேண்டும். 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் காவிரிச் செய்தி எதையும் தெளிவாகப் படிக்கலாம். ஆனால் செய்தி எழுதுகிறவர்கள் 'விநாடிக்கு' என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'நாளொன்றுக்கு' என்று எழுதிவிடுகிறார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு இட்ட உத்தரவு அப்படித்தான் பரவியது: நாளொன்றுக்கு 15,000 கன அடி, பத்து நாள். அதன் பொருள் விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாளும் ஓட வேண்டும் என்பது. ஒரு வாரத்தில் அதை 12,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். குறைக்காமல் முழுதாக ஓடியிருந்தால் 12.96 டி.எம்.சி. வந்திருக்கும். செய்தியில் இருந்தபடியே, நாள் முழுவதற்கும் சேர்த்து 15,000 கன அடிதான் என்று எடுத்துக்கொண்டால் அது நாலேகால் லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்தால் ஒரு நாளைக்கு முப்பத்தைந்து நடை.